யோகாவா, நவீன உடல் தளர்வுப் பயிற்சியா? மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யோகா வகுப்புக்கு வருகிறவர்கள் இப்போது ஆசனத்தைப் பற்றிக் கேட்பதைவிட, கைப்பேசியில் பார்த்த பயிற்சிகளைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். உடம்பை உதறு, நடுங்கவிடு, நெற்றியில் தட்டு, தசையை இறுக்கி விடு என்று ஆளுக்கொரு வீடியோ. அண்ணாநகர், நரிமேடு, திருநகர்ப் பக்கமிருந்து வந்த கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் யோகா சொல்லிக்கொடுப்பவள். அந்தச் சாய்வு பதில்களில் இருக்கும், தெரிந்தே படியுங்கள்.

ரெண்டும் ஒண்ணுதானே மேடம், பேருதானே வேற?

செய்முறையில் ஒற்றுமை நிறைய. நோக்கம் வேறு.

ஹடயோக நூல்களை எழுதியவர்களுக்கு டென்ஷன் என்பது தீர்க்கவேண்டிய பிரச்சினையாகவே இல்லை. நெடுநேரம் அசையாமல் உட்காரவேண்டும், அதற்கு உடம்பு இடைஞ்சல் செய்யக்கூடாது. ஆசனம் அதற்கான ஏற்பாடு. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோக பிரதீபிகையில் சவாசனத்துக்கு ஒரே ஒரு சுலோகம்தான்: பிணம்போல மல்லாந்து தரையில் கிடப்பது, களைப்பைப் போக்கும், மனதுக்கு ஓய்வு தரும். அவ்வளவோடு அடுத்ததுக்குப் போய்விடுகிறார் சுவாத்மாராமர்.

மேற்கில் நவீன உடல் தளர்வுப் பயிற்சியைத் தொடங்கியவர்கள் மருத்துவர்கள். அமெரிக்காவில் எட்மண்ட் ஜேக்கப்சன் 1908-ல் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்தபோது, திடீர்ச் சத்தம் கேட்டால் மனிதர்கள் எப்படித் திடுக்கிடுகிறார்கள் என்று ஆராய்ந்தார். தசைகளை நன்றாகத் தளர்த்தியிருந்தவர்கள் அவ்வளவாகத் திடுக்கிடவில்லை. அதையே பிடித்துக்கொண்டு உழைத்து, 1929-ல் 'படிப்படியான தசைத் தளர்வு' முறையை நூலாக வெளியிட்டார். 1932-ல் ஜெர்மன் மனநல மருத்துவர் யோகான்னஸ் ஷுல்ட்ஸ், கை கனக்கிறது, கை சூடாகிறது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லியே உடம்பைத் தளர்த்தும் முறையைக் கொண்டுவந்தார். இருவரிடமும் வந்தவர்கள் நோயாளிகள். படபடப்பு குறையவேண்டும், தூக்கம் வரவேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

கழுத்துப் பிடிப்போடும் கடன் கவலையோடும் காலை ஆறு மணிக்கு வந்து பாயை விரிக்கிறவருக்கும் வேண்டியது அதுதான். நாங்கள் கொடுப்பதோ ஐம்பது நிமிடம் ஆசனம், பிறகு மணியைப் பார்த்துக்கொண்டே நாலு நிமிடம் சவாசனம். டென்ஷனுக்காக வந்தவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கவேண்டும் என்பது என் கட்சி. யோகாவில் சரக்கு இல்லாமல் இல்லை. அதைப் பரிமாறும் அளவில்தான் தப்பு இருக்கிறது.

ஸ்ட்ரெஸ் எல்லாம் தசையில தேங்கி நிக்குது, அதை வெளியேத்தணும்னு சொல்றாங்களே, நிஜமா?

பாதி நிஜம். பயமோ கோபமோ வந்தால் அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு வேகமாக அடிக்கிறது, தாடை இறுகுகிறது, தோள் காதை நோக்கி ஏறுகிறது. மேனேஜர் போன பிறகும் தோள் இறங்காமல் அங்கேயே நிற்கும். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், தொட்டே பார்க்கலாம்.

ஆனால் போன வருஷத்துத் துக்கம் இடுப்பில் உட்கார்ந்திருக்கிறது, இந்த ஆசனத்தில் அது வெளியே வரும் என்பதற்குச் சான்று கிடையாது. இடுப்பைத் திறக்கும் ஆசனங்களில் சிலர் அழுவார்கள். அழுகை உண்மை, ஆறுதல் உண்மை. அதற்குச் சொல்லப்படும் விளக்கம் மட்டும் நிரூபிக்கப்படாதது. பயிற்சிக்குப் பிறகு நரம்பு மண்டலத்தின் உசுப்பல் தணிகிறது என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் போதும். அழுகை வரவில்லையே, பயிற்சி பலிக்கவில்லையோ என்று கவலைப்பட்டவர்களும் உண்டு. வராவிட்டால் நல்லதுதான், விடுங்கள்.

மூச்சுப்பயிற்சியில நம்மது உசத்தியா, அவங்களதா?

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. திருமூலர் கணக்கே போட்டு வைத்திருக்கிறார்: இடது நாசியில் உள்ளே இழுப்பது 16, நிறுத்துவது 64, வெளியே விடுவது 32 மாத்திரை. இழுப்பதைவிட விடுவது இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள்.

மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். இது எல்லா உடம்பிலும் நடக்கிறது; வேகஸ் என்ற நரம்பின் வேலை. ஆகவே வெளிமூச்சை நீட்டினால் இதயம் நிதானப்பட வாய்ப்பு கூடுகிறது. 2001-ல் இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் ஜெபமாலை சொல்பவர்களையும் மந்திரம் சொல்பவர்களையும் அளந்து பார்த்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது, இதயத்தின் தாளமும் சீரானது. ஸ்டான்ஃபோர்டில் 2023-ல் வெளிவந்த ஆய்வு இன்னும் எளிமையான ஒன்றைச் சோதித்தது: மூக்கால் ஒரு இழுப்பு, அதன்மேல் இன்னொரு சின்ன இழுப்பு, பிறகு வாயால் நீளமாக விடுவது. தினம் ஐந்து நிமிடம், ஒரு மாதம். அதைச் செய்தவர்களுக்கு மனநிலை, தியானம் செய்தவர்களைவிட அதிகமாகத் தேறியிருந்தது. கவனித்தால் அது பெருமூச்சுதான். நம் வீட்டுப் பெரியவர்கள் "ஏன் பெருமூச்சு விடுற?" என்று அதட்டுவார்களே, அதே.

செய்யவேண்டியது இவ்வளவு: நாலு எண்ணி இழுங்கள், ஆறோ எட்டோ எண்ணி விடுங்கள். திருமூலரின் அந்த 64-ஐ வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். டென்ஷனோடு வருகிறவருக்கு மூச்சை அடக்குவது எதிர்விளைவைக் கொடுக்கும். கபாலபாதி, பஸ்திரிகா இரண்டும்கூட அப்படித்தான். ஏற்கெனவே படபடப்பில் இருப்பவருக்கு வேக மூச்சு தலைசுற்றலையும் விரல் நுனி மரத்துப்போவதையும் கொண்டுவந்து பயத்தைக் கூட்டும்.

சவாசனத்துல கண்ணை மூடுனா மனசு இன்னும் படபடங்குது. எனக்கு யோகாவே ஒத்துக்காதோ?

அதிகம் பேர் கேட்பதும், நான் மிக முக்கியமாக நினைப்பதும் இந்தக் கேள்வியைத்தான். "மனசை அடக்கு, பழகிடும்" என்று சொல்லி அனுப்பிவிடுவது நம் ஊர் வழக்கம். அது பதிலே இல்லை.

தளர்வுப் பயிற்சியே சிலருக்குப் பதற்றத்தைக் கிளப்பும் என்பதை 1983-லேயே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எப்போதும் விழிப்பாகவே இருந்து பழகிய உடம்பு, காவலை விடச்சொன்னால் பயப்படுகிறது. கண்ணை மூடினால் நெஞ்சு அடிப்பது காதில் கேட்கிறது, அது இன்னும் பயமுறுத்துகிறது. இது உங்கள் குறையும் இல்லை, யோகாவின் குறையும் இல்லை. உங்களுக்கு அந்த நேரத்தில் பொருந்தாத வாசல் வழியாக உள்ளே அனுப்பியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்கு நான் ஜேக்கப்சன் முறையைத்தான் முதலில் கொடுக்கிறேன். சும்மா கிட என்று சொன்னால் கிடக்க முடியாதவருக்கு, ஒரு வேலை கொடுத்தால் முடியும். இறுக்கு என்பது ஒரு வேலை. இறுக்கியதை விடும்போது தளர்வு தானாக வருகிறது. படுக்கவேண்டாம், சுவரில் முதுகைச் சாய்த்து, வாசல் தெரியும்படி, கண்ணைத் திறந்தே உட்காரலாம். சில வாரம் கழித்து அவர்களே சவாசனத்தில் படுக்கிறேன் என்பார்கள். சொல்லாவிட்டாலும் குடிமுழுகிப் போய்விடாது.

அந்த ஜேக்கப்சன் முறையை வீட்டில் எப்படிச் செய்வது?

ஒரு நேரத்தில் ஒரு இடம். வலது கையை முஷ்டியாக மடக்கி, முக்கால் பலத்தோடு ஐந்து முதல் ஏழு விநாடி இறுக்குங்கள். மூச்சை அடக்காதீர்கள். பிறகு ஒரேயடியாக விட்டுவிடுங்கள், மெதுவாக விடக்கூடாது. அடுத்த இருபது முப்பது விநாடி வேறொன்றும் செய்யாமல் அந்தக் கையில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பயிற்சியின் உயிர் இந்த இருபது விநாடியில்தான் இருக்கிறது. வீடியோக்களில் வெட்டி எறிவதும் இதைத்தான். பிறகு இடது கை, புஜம், நெற்றி, கண், தாடை, கழுத்து, தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம்.

ஜேக்கப்சன் இதை மாதக்கணக்கில் கற்பித்தார். பின்னால் வந்த மருத்துவர்கள் சுருக்கினார்கள். 1973-ல் வந்த ஒரு கையேடு 16 தசைக் கூட்டங்கள் என்று வரையறுத்தது, இன்றும் பல மருத்துவமனைகளில் அதுதான். முழுதாகச் செய்ய இருபது நிமிடம் ஆகும். நேரமில்லாதவர்கள் கை, தாடை, தோள் மூன்றோடு நிறுத்தலாம். மாட்டுத்தாவணியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் சீட்டிலேயே செய்கிறவர் ஒருவர் எனக்குத் தெரியும். கெண்டைக்கால் குரக்களி பிடிக்கும் வழக்கம் உள்ளவர்கள் பாதத்தை நீட்டி இறுக்கவேண்டாம், விரல்களை முட்டியை நோக்கி மடக்குங்கள்.

உடம்பை நடுங்கவிடுற பயிற்சின்னு ஒண்ணு காட்டுறாங்க. பாண்டி கோயில்ல அருள் வந்து ஆடுறதும் இதுவும் ஒண்ணாம்மா?

டி.ஆர்.இ. (இறுக்கத்தையும் அதிர்ச்சியையும் விடுவிக்கும் பயிற்சிகள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று சொல்லப்படும் பயிற்சி அது. டேவிட் பெர்செலி என்ற அமெரிக்கர் வடிவமைத்தது. சில அசைவுகளால் தொடைத் தசைகளைக் களைப்பாக்கிவிட்டு, மல்லாந்து படுத்து, பாதங்களைச் சேர்த்து முட்டிகளை விரித்து வைத்தால் கால் தானாக நடுங்கத் தொடங்கும். நூறு தோப்புக்கரணம் போட்டால் கால் நடுங்குகிறதே, தொடக்கம் அதுதான். அந்த நடுக்கத்தை அடக்காமல் இடுப்பு, முதுகு வரை பரவவிட்டால் பழைய அதிர்ச்சி கழியும் என்பது அவர்கள் கூற்று. செய்தவர்களில் பலர் உடம்பு இலேசாக இருக்கிறது என்கிறார்கள். ஆய்வுகள் சிறியவை, சில. அவ்வளவை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பாண்டி முனீஸ்வரர் சந்நிதியில் நடப்பது வேறு. அங்கே மேளம் இருக்கிறது, நேர்த்திக்கடன் இருக்கிறது, சுற்றி நின்று திருநீறு கொடுத்துத் தாங்கிப் பிடிக்கும் சொந்தபந்தம் இருக்கிறது, ஆடுகிறவர் சொல்லும் வாக்கைக் கேட்கக் காத்திருக்கும் காது இருக்கிறது. டி.ஆர்.இ.-யில் ஒரு பாயும் களைத்த தொடையும்தான். நடுக்கம் பொதுவாக இருக்கிறது என்பதற்காக சாமியைத் தசைக் களைப்பு என்று சொல்வதும், தசைக் களைப்பை சாமி என்று சொல்வதும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம்: அழவும் ஆடவும் நம் ஊரில் இடம் இருந்தது. ஒப்பாரி வைக்க ஆள் இருந்தது. மூன்று படுக்கையறை ஃபிளாட்டில் சத்தம் போட்டு அழ முடியாதவர்கள்தான் இந்த வகுப்புகளைத் தேடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் இதைத் தொடவேண்டாம். மற்றவர்களும் முதல்முறை தனியாக, வீடியோ பார்த்துச் செய்யவேண்டாம்.

மனவளக்கலை மன்றத்தில் கற்றது போதாதா? யோக நித்திரை?

தாராளமாகப் போதும். வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சி, கடைசியில் படுத்து உடம்பைப் பாகம் பாகமாகத் தளர்த்துவதில்தான் முடிகிறது. யோக நித்திரையின் இன்றைய வடிவம் பீகாரின் முங்கேரில் சுவாமி சத்யானந்த சரஸ்வதி அமைத்தது. தந்திர வழிபாட்டில் உடம்பின் ஒவ்வொரு பாகத்தையும் தொட்டு மந்திரம் சொல்லும் நியாசத்திலிருந்து எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாக மனதைக் கொண்டுபோவதில் அவரும் ஷுல்ட்ஸும் ஏறக்குறைய ஒரே பாதையில் நடக்கிறார்கள். பெரிய வேறுபாடு ஒன்றுதான்: இவற்றில் தசையை இறுக்குவது பிரதானம் இல்லை. ஆகவே மேலே சொன்ன படபடப்புக்காரர்களுக்கு இது இரண்டாவது படியாகத்தான் பொருந்தும்.

தெற்கு மாசி வீதியில ஜவுளிக்கடை வேலை. காலைல இருந்து ராத்திரி வரைக்கும் நிக்கணும். எந்த ஆசனம் செய்யலாம் அக்கா?

முதலில் உட்காருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடைகள், நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. பன்னிரண்டு மணி நேரம் நிற்கவைத்துவிட்டு, ஊழியர் நலனுக்கு யோகா வகுப்பு வைக்கும் முதலாளிகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. நாற்காலி இல்லாத கடைக்கு யோகா மருந்து ஆகாது. இந்த இடத்தில் நம்மதும் வேண்டாம், மேற்கத்தியதும் வேண்டாம்.

இரவு வீட்டுக்கு வந்ததும் சுவரோரம் படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் பத்து நிமிடம் கிடங்கள். கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரம் தோளைக் காதுவரை தூக்கி, ஐந்து எண்ணி, பொத்தென்று விடுங்கள். யாரும் கவனிக்கமாட்டார்கள்.

பிரஷர் மாத்திரை போடுறேன். எது பாதுகாப்பு?

சவாசனத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நம் நாட்டிலேயே பழைய ஆய்வு உண்டு. மும்பை இதயநோய் மருத்துவர் கே.கே. தாத்தே 1969-ல் வெளியிட்டார். சவாசனம் பழகியவர்களில் பலருக்கு அழுத்தம் இறங்கியது, சிலருக்கு மருந்தின் அளவைக் குறைக்க முடிந்தது. குறைத்தது டாக்டர் என்பதை மறக்காதீர்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தினால் பழி யோகாவின் மேல் விழும், பக்கவாதம் உங்கள் மேல்.

தசையை இறுக்கும் பயிற்சியில் பிரஷர்காரர்கள் பாதி பலத்துக்கு மேல் போகவேண்டாம், மூச்சையும் பிடிக்கவேண்டாம். சிரசாசனம், சர்வாங்காசனம் வேண்டாம். கண் அழுத்த நோய்க்கு அரவிந்தில் சொட்டு மருந்து வாங்கிப் போடுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களுக்குச் சிரசாசனம் கண்டிப்பாகக் கூடாது. தலைகீழாக நிற்கும்போது கண்ணின் உள் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காவதைச் சென்னையில் யோகா பழகியவர்களிடமே அளந்து 2006-ல் வெளியிட்டிருக்கிறார்கள். வகுப்பில் சேரும்போது ஆசிரியர் கேட்காவிட்டாலும் இதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

விபத்து, வன்முறை மாதிரி பழைய அதிர்ச்சி இருக்கிறவர்கள்?

இவர்களுக்கு வகுப்பு மட்டும் போதாது, சிகிச்சை வேண்டும். கூடவே உடல்வழிப் பயிற்சி உதவும். அமெரிக்காவில் பெசல் வான் டெர் கோல்க் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், வேறு சிகிச்சைக்கு மசியாத அதிர்ச்சி நோய் உள்ள 64 பெண்களில் ஒரு பாதிப் பேருக்குப் பத்து வாரம், வாரம் ஒரு மணி நேரம் யோகா கொடுத்தார்கள். முடிவில் யோகா செய்தவர்களில் 52 சதவீதம் பேர் நோயின் வரையறைக்கு வெளியே வந்திருந்தார்கள். சுகாதார வகுப்பு மட்டும் கேட்டவர்களில் 21 சதவீதம்.

எண்ணிக்கை சிறியது. என்னைக் கவர்ந்தது அவர்கள் சொல்லிக்கொடுத்த விதம். அந்த வகை யோகாவில் ஆசிரியர் தொட்டுத் திருத்துவதில்லை. "குனி" என்று ஏவுவதில்லை. "விருப்பமிருந்தால் குனியலாம்" என்பார்கள். நம் வகுப்புகளில் கேட்காமல் முதுகில் கைவைத்து அழுத்துவதைத் திறமை என்று நினைக்கிறோம். தொடுவது பிடிக்காவிட்டால் "தொடாதீங்க" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சொல்லியும் கேட்காதவரிடம் போகவேண்டாம். பீட்டர் லெவின் உருவாக்கிய 'சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்' முறையும் இந்த நிதானத்தையே வலியுறுத்துகிறது: அதிர்ச்சியை முழுதாகக் கிளறாமல், உடம்பு தாங்கும் அளவுக்குத் துளித்துளியாக.

நெற்றியிலயும் நெஞ்சுலயும் விரலால தட்டுறது?

1990-களில் கேரி கிரெய்க் என்ற அமெரிக்கர் பரப்பியது. தட்டுவதால் கெடுதல் இல்லை, சிலருக்குப் பதற்றம் குறைகிறது. ஆற்றல் ஓடும் பாதைகள் திறக்கின்றன என்ற விளக்கத்துக்கு ஆதாரம் இல்லை.

சனி ஞாயிறு வகுப்புக்குப் பல ஆயிரம் கேட்கிறார்கள். சேரலாமா?

முதலில் இலவசமாகக் கிடைப்பதைச் செய்து பாருங்கள். மேலே சொன்ன இறுக்கித் தளர்த்தலும் நீண்ட வெளிமூச்சும் ஒரு பைசா கேட்காதவை. அவற்றைத் தினமும் செய்ய முடியாதவருக்கு இரண்டு நாள் வகுப்பு எப்படி உதவும் என்று எனக்குப் புரியவில்லை. "ஒரே அமர்வில் முழு விடுதலை" என்று போஸ்டர் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், யோகாவாக இருந்தாலும் சரி.

எப்போது டாக்டரிடம் போகவேண்டும்?

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் பயிற்சி கியிற்சி ஒன்றும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. ஓயாத படபடப்புக்கு தைராய்டும் ரத்தசோகையும்கூடக் காரணமாக இருக்கலாம், ஒருமுறை ரத்தம் பார்த்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே 14416-க்கோ 104-க்கோ பேசுங்கள்; தமிழிலேயே பேசலாம்.

வண்டியூர்க் கண்மாய்க் கரையில தினமும் நடக்குறேன். இதெல்லாம் எனக்கு வேணுமா?

நிம்மதியாகத் தூங்குகிறீர்கள் என்றால் வேண்டாம். நடக்கும்போது போனில் வியாபாரம் பேசிக்கொண்டே நடப்பவராக இருந்தால், கால் மட்டும்தான் நடக்கிறது, தாடை கடையிலேயே இருக்கிறது. கடைசி ஐந்து நிமிடம் போனைப் பையில் போட்டுவிட்டு, நாலு அடிக்கு இழுத்து ஆறு அடிக்கு விட்டு நடந்து பாருங்கள்.

காபி குடிச்சிட்டுச் செய்யலாமா?

ஆசனத்துக்கு முன் வேண்டாம் என்பேன். அரை டம்ளர் குடித்துவிட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புவதும் இல்லை. இட்லி, பொங்கல் சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரம் பொறுங்கள். இறுக்கித் தளர்த்துவதற்கு அப்படிக் கட்டாயம் இல்லை, வயிற்றை மட்டும் இறுக்காமல் விட்டால் போதும். சித்திரை, வைகாசி வெயிலில் இரண்டையுமே காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள்.